கௌசலாவின் இடது கை

ஸ்கந்தபுரத்தில் கௌசலா முற்றம் கூட்டுவதைப் பார்க்கிற எவருக்கும் முதலில் சிரிப்புத்தான் வரும். வலக் கையில் விளக்குமாறு, இடக் கை முதுகுக்குப் பின்னால். வாத்தியாருக்கு முன்னால் நிற்கிற பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒற்றைக் கையால் கூட்டிக்கொண்டு போவாள். இருக்கிற கையை ஏன் ஒளிக்கிறாள் என்று பக்கத்து வளவுக்காரர்கள் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனார்கள். அவளுக்கே தெரியாமல் வந்த பழக்கம் அது. வேலை கொடுத்த பழக்கம்.

அவளுக்கு மிதிவெடி எடுக்கிற வேலை. முகத்துக்குக் கண்ணாடிக் கவசமும் நெஞ்சுக்குப் பாரமான அங்கியும் போட்டுக்கொண்டு, மண்ணுக்குள் இரும்பைத் தேடுகிற டிற்றெக்டரைத் தரையோடு ஒட்டி ஆட்டி ஆட்டி, கத்துகிற இடத்தில் குந்தியிருந்து மண்ணைச் சுரண்ட வேண்டும். பொறுமைசாலிகள் செய்கிற வேலை. கௌசலாவைப் பொறுமைசாலி என்று வீட்டில் யாரும் சொன்னதில்லை. ஆனால் காணிக்குள் இறங்கினால் அவள் வேறு ஆள்.

அந்த டிற்றெக்டருக்கும் அவளுடைய இடது கைக்கும்தான் ஒத்துவராது. மேல்கையின் உள்பக்கத்தில், தோலுக்குக் கீழே, பாக்குச் சீவல் அளவில், வெடித்துச் சிதறிய ஒரு செல் துண்டு. கடைசிச் சண்டையில், பன்னிரண்டு வயதில், பங்கர் வாசலில் தண்ணிப் போத்தலோடு நின்றபோது வந்து புகுந்தது. அகதி முகாமில் பார்த்த டொக்டருக்குப் பெரிய காயக்காரர்கள் தலைக்கு மேல் இருந்தார்கள். "நோகாட்டி இருக்கட்டும்" என்று கட்டுப் போட்டு அனுப்பிவிட்டார். அது நோகவில்லை, இருந்துவிட்டது. டிற்றெக்டருக்குக் கிட்ட அந்தக் கை வந்தால் மட்டும் கிறீச்சென்று கத்தும். அதனால் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கௌசலா கையைப் பின்னால் கட்டப் பழகிக்கொண்டாள்.

துணுக்காயிலிருந்து வருகிற ராஜினி அவளுடைய குழுக்காரி. ராஜினியின் வாய்க்கு ஒரு பூட்டுச் செய்தால் அரசாங்கமே வாங்கும். காலையில் எல்லாரும் சோதனை இரும்பில் டிற்றெக்டரைப் பிடித்துச் சரிபார்ப்பார்கள். ராஜினி அதோடு விடமாட்டாள்.

"இனி அக்காவின்ர கை" என்று கௌசலாவின் தோளடியில் ஒரு ஆட்டு ஆட்டுவாள். அது கத்தும். குழுவே சிரிக்கும். கௌசலாவும் சேர்ந்து சிரிப்பாள். சிரித்தால் பாரம் பாதி குறையும் என்பது உண்மைதான். மற்றப் பாதியைப் பற்றி ஒருத்தரும் அவளிடம் கேட்டதில்லை.

இனி விஷயத்துக்கு வருவோம். கௌசலாவுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் பள்ளிக்கூடம் போகிறாள். இளையவன் பெற்றோல் தட்டுப்பாட்டுக்குப் பிறந்தவன். அதற்கு முன் கௌசலா பிள்ளை தங்காமலிருக்க மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடுகிற ஊசிதான் போட்டுவந்தாள். அந்த வருசம் நாட்டில் பெற்றோலும் இல்லை, பஸ்ஸும் இல்லை. புருசன் பிரதீபன் மோட்டர் சைக்கிளோடு வரிசையில் காத்துக் கிடந்தான், ஊசித் தேதி போய்விட்டது. பெற்றோல் வரவில்லை, மகன் வந்துவிட்டான். அவனைப் பார்த்த பிறகு அதற்காக வருத்தப்பட யாரால் முடியும்? யுத்தத்தில் போன பிரதீபனின் அண்ணன் பெயரையே வைத்தார்கள், அஜந்தன் என்று.

ஆனால் வயிற்றில் பிள்ளை என்றால் கண்ணிவெடிக் காணிக்குள் கால் வைக்க விடமாட்டார்கள். அது நல்ல சட்டம்தான். அஜந்தன் பிறந்து, பால் மறந்து, அவள் திரும்பி வேலைக்கு வந்தபோது, அவளுக்குப் பின்னால் சேர்ந்த இரண்டு பேர் குழுத்தலைவிகள் ஆகியிருந்தார்கள். இப்போது தைப்பொங்கல் முடிய குழுத்தலைவிகளுக்கான அடுத்த பயிற்சி. இந்த முறை கௌசலாவின் பெயர் இருக்கிறது. அந்தப் பயிற்சியை அவள் வாய்விட்டே ஆசைப்பட்டாள். துப்புரவாக்கிய காணியைச் சொந்தக்காரரிடம் கொடுக்கிற நாளில், உழவு மிசின் முதல் தடவை இறங்கும்போது, குழுத்தலைவிதான் முன்னால் நடந்து போவாள். அந்த நடை தனக்கு வேண்டும் என்று ராஜினியிடம் ஒருநாள் சொல்லியே இருக்கிறாள். இன்னொரு முறை தேதி தவறினால் அந்த நடை போய்விடும். ஊசியை இனி நம்ப முடியாது. வருசக்கணக்கில் நிற்கிற வழி ஒன்றைத் தேடவேண்டும்.

பிரதீபனிடம் கேட்டாள். அவன் மேசன், நல்ல மனிசன், ஒரு சுவரைக் கோணாமல் கட்டுவான். ஆனால் தாய்க்கும் பெண்சாதிக்கும் நடுவில் நிற்கச் சொன்னால் மட்டும் கோணிவிடுவான்.

"உன்ர விருப்பம்" என்றான்.

"எல்லாம் என்ர விருப்பம் எண்டு சொல்லுவியள். பேந்து அம்மா கேட்டால் கிணத்தடிக்கு நழுவிப் போயிடுவியள்."

"கேட்டால் நான் சொல்லுறன்."

"என்னத்தைச் சொல்லுவியள்?"

அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "உன்ர விருப்பம் எண்டு" என்றான். அவளுக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது.

வேலைக்குப் போகிற லொறியில் இந்தக் கதை எடுபட்டால் நாடாளுமன்றம் தோற்கும். ஒருத்தி கருத்தடை ஒப்பிரேசன் என்றாள், ஒருத்தி கருப்பையில் வைக்கிற லூப் என்றாள். ராஜினி கையை உயர்த்தி எல்லாரையும் அடக்கினாள்.

"லூப்பில செம்புக் கம்பி இருக்கு, தெரியுமோ? அதை வைச்சுக்கொண்டு காணிக்குள்ள இறங்கினால் டிற்றெக்டர் விடிய விடியக் கத்தும். நீங்கள் மிதிவெடி எண்டு நினைச்சு உங்கட காலடியைக் கிண்டிக்கொண்டு இருப்பியள்."

லொறி குலுங்கக் குலுங்கச் சிரித்தார்கள். ஆனால் ஒருத்தரும் அதைப் பொய் என்று சொல்லவில்லை. வேறு ஊரில் பெண்கள் லூப்பைப் பற்றி ஆயிரம் பயம் வைத்திருக்கலாம், இந்தப் பயம் மிதிவெடிக்காரிகளுக்கு மட்டுமே வரக்கூடியது. கௌசலாவுக்கு அது வசதியாகவும் போயிற்று. "எனக்கு ஏற்கெனவே ஒரு இரும்பு இருக்கு. செம்பும் சேர்ந்தால் பழைய இரும்புக்காரன் என்னைத் தூக்கிக்கொண்டு போயிடுவான்" என்று சொல்லித் தட்டிக் கழித்தாள்.

வேலைநாளில் கிளினிக்குக்குப் போகமுடியாத இந்தப் பெண்களுக்காக, மேலிடத்தில் கேட்டு, மிட்வைப் என்கிற மருத்துவிச்சி ஒருவரை வேலையிடத்துக்கே கூப்பிட்டார்கள். வந்தவர் சப்னா மிஸ். முல்லைத்தீவு முஸ்லிம் பிள்ளை. குடும்பம் இடம்பெயர்ந்துபோன புத்தளத்தில் பிறந்து வளர்ந்து, தகப்பனுடைய ஊருக்கே வேலைக்குத் திரும்பி வந்தவர். இளைப்பாறுகிற கொட்டிலில் பாயை விரித்து, குளிசை, ஊசி மருந்து, லூப், கைத் தோலுக்குக் கீழே வைக்கிற கருத்தடைக் குச்சி எல்லாவற்றையும் பரப்பினார். எதைச் சொன்னாலும் நல்லதோடு கெட்டதையும் சொன்னார். லூப் போட்டால் சிலருக்கு மாதப்போக்குக் கூடும். குச்சி வைத்தால் அது தேதி பார்க்காமல் வரும், இல்லாவிட்டால் வராமலே நிற்கும். ஒப்பிரேசன் செய்தால் பிறகு மனம் மாறக்கூடாது.

ராஜினி எழும்பினாள். "மிஸ், லூப்புக்கு டிற்றெக்டர் கத்துமோ?"

சப்னா மிஸ் வாயைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தார். "இதை என்னட்ட இதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கேல்லை. எனக்குத் தெரியாது. இருக்குதுதானே, பிடிச்சுப் பாப்பம்."

ராஜினி ஓடிப்போய் டிற்றெக்டரைக் கொண்டுவந்தாள். பாயில் கிடந்த லூப்பின் மேல் பிடித்தாள். அது ஊரைக் கூட்டியது. பெண்கள் கை தட்டினார்கள். ராஜினி தேர்தலில் வென்றவள் மாதிரி நின்றாள். பிறகு குச்சியின் மேல் பிடித்தாள். ஒரு சத்தமும் இல்லை. இரண்டு மெல்லிய, வளையக்கூடிய குச்சிகள், இரும்பும் இல்லை, செம்பும் இல்லை.

"பொறுங்கோ" என்றார் சப்னா மிஸ். லூப்பை எடுத்து ராஜினியின் அங்கிக்குப் பின்னால், வயிற்றடியில் பிடித்துக்கொண்டார். "இப்ப வேலை செய்யிற மாதிரி நில்லுங்கோ." ராஜினி டிற்றெக்டரை முன்னால் நீட்டித் தரையில் ஆட்டினாள். சத்தமில்லை. இன்னொரு முறை ஆட்டினாள். இல்லை. எங்கேயோ தூரத்தில் தரையோடு நிற்கிற டிற்றெக்டர்த் தட்டுக்கு இவளுடைய வயிற்றுக்குள் என்ன வேலை?

ராஜினியின் முகம் விழுந்ததைப் பார்த்து எல்லாரும் சிரித்தார்கள், கௌசலாவைத் தவிர. லூப்பைத் தட்டிக் கழித்த சாட்டு அவளைக் கைவிட்டுப் போய்விட்டது. இனி செம்பில் பழி போட முடியாது.

சப்னா மிஸ் அதைக் கவனித்திருக்க வேண்டும். மற்றவர்கள் சாப்பாட்டுக்கு எழும்பிய பிறகு அவளைப் பக்கத்தில் இருத்தினார். "குச்சி எண்டால் இஞ்சதான் வைக்கிறது" என்று சொல்லிக்கொண்டே இடது மேல்கையின் உள்பக்கத்தை விரலால் தடவினார். விரல் நின்றது.

"நீங்கள் ஏற்கெனவே குச்சி வைச்சிருக்கிறியளே!"

வாசலில் கை கழுவிக்கொண்டு நின்ற ராஜினி விட்டுவைப்பாளா? "ஓம் மிஸ். பதினாறு வருசமாச்சு. இன்னும் காலாவதியாகேல்லை."

இந்த முறை கௌசலாவுக்குச் சிரிக்க வரவில்லை. இவ்வளவு நாளும் தனக்கே சொல்லாததை அந்த அந்நியப் பெண்ணிடம் சொல்லிவிட்டாள்.

"செல் துண்டு மிஸ். அது என்னைக் கேட்டு வரேல்லை. அது இருக்கிற உடம்புக்குள்ள இன்னொண்டைப் போட எனக்குப் பயமாக் கிடக்கு. செம்புக்கு இல்லை. உள்ளுக்குப் போறதுக்குத்தான் பயம்."

சப்னா மிஸ் அவசரப்படவில்லை. கையை விடவும் இல்லை. "இது கேட்டுத்தான் வரும்" என்றார். "நீங்கள் ஓம் எண்டால்தான் வைப்பினம். வேண்டாம் எண்டு நீங்கள் சொல்லுற அண்டைக்கு எடுப்பினம். ஐஞ்சு வருசம் நிக்கும், ஆனால் ஐஞ்சு மாதத்தில கேட்டாலும் எடுக்கவேணும். அவசரமில்லை. யோசிச்சுப்போட்டுச் சொல்லுங்கோ."

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? மிட்வைப் வந்துபோன சங்கதி அன்று பின்னேரமே மாமியார் தங்கம்மாவின் காதுக்குப் போய்விட்டது. தங்கம்மா சின்ன வயதில் மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து, கலவரத்துக்குப் பயந்து, தாய் தகப்பனோடு வன்னிக்கு வந்தவர். ஐம்பது வருசம் ஆகப்போகிறது. காடு வெட்டிக் காணியாக்கினார், கச்சான் கடலை போட்டார், புருசன் சுடலைமுத்தையும் மூத்த மகனையும் இந்த மண்ணிலேயே பறிகொடுத்தார். பேச்சில் மட்டும் தோட்டம் போகவில்லை.

"என்னா புள்ள, கையில என்னமோ வைக்கப் போறியாமே" என்றார். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. "ஆம்பளப் புள்ள ஒண்ணுதான் இருக்கு. தனி மரம் தோப்பாகாதுன்னு சொல்லுவாங்க. இன்னும் ஒண்ணு பொறந்தா ஒன் மாமனாரு பேர வைக்கலாமேன்னு நான் பார்த்துக்கிட்டு இருக்கேன்."

"சுடலைமுத்து எண்டு பேர் வைச்சால் பிள்ளை பள்ளிக்கூடம் போகமாட்டன் எண்டு நிக்கும் மாமி" என்றாள் கௌசலா, சிரிப்பாக மாற்றப் பார்த்து.

தங்கம்மா சிரிக்கவில்லை. குசினி வாசலில் குந்தினார்.

"பேரு கெடக்கட்டும். எங்கம்மாவுக்கு நடந்தது ஒனக்குத் தெரியாது. தோட்டத்துல ஒரு நாள் பொம்பளைங்கள லொறியில ஏத்திக்கிட்டுப் போனாங்க. என்னா ஏதுன்னு யாரும் சொல்லல. சாயங்காலம் வயித்துல தையலோட வந்துச்சு எங்கம்மா. அடுத்த மழைக்கு என் தம்பி காய்ச்சல்ல போயிட்டான். அப்பறம் ஒண்ணும் பொறக்கல. சாகுறவரைக்கும் வயித்தத் தடவிக்கிட்டே இருந்துச்சு. நம்ம ஒடம்புக்குள்ள அவுங்க செஞ்சது ஒண்ணாச்சும் திரும்பி வந்திருக்கா? ஒன் கையில இருக்கிறது வந்துச்சா?"

மாமி பேரனுக்காகச் சண்டை பிடிக்கிறார் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தாள். இது வேறு பயம். சொல்லப்போனால் அவளுடைய சொந்தப் பயம்தான், ஐம்பது வருசம் மூத்தது.

அந்தக் கேள்வி அவளை விடவில்லை. மண்ணைச் சுரண்டும்போது நினைத்தாள். வேலை என்று கௌசலா செய்கிறது என்ன? யாரோ கேளாமல் புதைத்துவிட்டுப் போனதைக் கிண்டி எடுப்பது. ஊரார் காணி எல்லாவற்றிலும் எடுத்தாயிற்று, தன் கையில் மட்டும் எடுக்கக் கேட்கவில்லை. இப்படி நினைத்தபோது அவளுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. அந்தக் கோபம் நல்ல கோபம், ஏனென்றால் அடுத்த லீவு நாளில் அது அவளைக் கிளிநொச்சி பஸ்ஸில் ஏற்றியது.

தனியாகப் போகவில்லை. "மாமி, நீங்களும் வாங்கோ. உங்கட கேள்வியை டொக்டரிட்டயே கேப்பம்" என்றாள். தங்கம்மா வரமாட்டேன் என்று சொல்லிக்கொண்டே நல்ல சேலை உடுத்தினார்.

சப்னா மிஸ் எழுதிக் கொடுத்த சீட்டோடு கிளினிக்குக்குப் போனார்கள். அங்கிருந்த டொக்டர், இளம் பெண், கையைத் தொட்டுப் பார்த்தார். "குச்சியை வலக் கையிலும் வைக்கலாம்" என்றார்.

"அது டிற்றெக்டர் ஆட்டுற கை டொக்டர்" என்றாள் கௌசலா. பிறகு மூச்சை இழுத்துக்கொண்டு கேட்டாள். "இதை எடுக்க ஏலாதோ?"

"ஏலும்போலதான் கிடக்கு, தோலுக்குக் கீழதான் நிக்குது. எக்ஸ்ரே எடுத்து ஆஸ்பத்திரியில காட்டுவம். இவ்வளவு காலமும் ஏன் எடுக்கேல்லை?"

"கேட்டால் எடுப்பினம் எண்டு தெரியாது."

எக்ஸ்ரே எடுத்தார்கள். நரம்புக்குப் பக்கத்தில் இல்லை. ஆஸ்பத்திரியில் கை மரத்துப்போக விறைப்பு ஊசி போட்டு, சின்னதாக வெட்டி, எடுத்து, தையல் போட்டார்கள். பங்கரில் பட்ட நோவுக்கு இது நுளம்புக் கடி. பஞ்சுத் துணியில் சுற்றிக் கையில் கொடுத்தார்கள். வெளியே மர வாங்கில் குந்திக் காத்திருந்த தங்கம்மாவிடம் கௌசலா அதை விரித்துக் காட்டினாள்.

கறுத்து, ஓரம் மழுங்கி, ஒரு விரல் நுனிக்கும் காணாது.

"இத்துனூண்டுதானா?" என்றார் தங்கம்மா. அவருடைய மூத்த மகனுக்குப் பட்டதும் இப்படி ஒன்றுதான், இடம்தான் வேறு. கன நேரம் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணால் தண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. கௌசலா பக்கத்தில் இருந்து மாமியின் தோளில் சாய்ந்துகொண்டாள். இரண்டு பேரும் அப்படி ஒருநாளும் இருந்ததில்லை.

"வந்துருச்சே புள்ள" என்றார் கடைசியில். "உள்ள போனது வெளிய வந்துருச்சே."

"அந்தக் குச்சியும் வரும் மாமி. நான் கேட்டால் வரும். கதவைப் பூட்டுறன், அவ்வளவுதான். சுவர் வைச்சு அடைக்கேல்லை. திறப்பு என்ர கையில."

தையல் வெட்டி, புண் காய்ந்து, தோல் ஒட்டிய பிறகு குச்சி வைக்கிற நாள் வந்தது. வயிற்றில் பிள்ளை இல்லை என்று பார்த்துவிட்டு டொக்டர், "வைக்கவோ?" என்று கேட்டார். கௌசலா வாயால் "ஓம்" என்று சொன்னாள். தலையாட்டினால் போதாது என்று அவளுக்குத் தோன்றியது. டொக்டர் தங்கம்மாவைப் பார்த்தார், நீங்கள் வெளியே இருங்கள் என்று சொல்லப்போகிறவர் மாதிரி.

"கேட்டுட்டுத்தான் செய்றீங்க. நல்லது" என்றார் தங்கம்மா. "மத்தக் கைய நான் புடிச்சுக்கிறேன். செய்ங்க." டொக்டர் ஒரு முக்காலியை அவர் பக்கம் நகர்த்தினார். பிரதீபன் வெளியே பிள்ளைகளோடு நின்றான். அன்றைக்கு அவன் கிணற்றடிக்குப் போகவில்லை, அதையும் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும்.

கட்டு அவிழ்த்த பிறகு கௌசலா வேலைக்குப் போனாள். பயிற்சி தொடங்க இன்னும் கொஞ்ச நாள் இருந்தது. காலைச் சோதனை முடிந்ததும் ராஜினி வழக்கம்போல வந்தாள்.

"இனி அக்காவின்ர கை."

டிற்றெக்டரைத் தோளடியில் ஆட்டினாள். சத்தமில்லை. இன்னொரு முறை, இன்னும் கிட்ட. இல்லை. "பற்றறி செத்துப்போச்சு" என்று தட்டிப் பார்த்தாள். கௌசலா சட்டைப் பையிலிருந்து பஞ்சுத் துணியை எடுத்து விரித்தாள். டிற்றெக்டர் கிறீச்சென்று கத்தியது. ராஜினிக்கு அப்போதுதான் விளங்கியது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவளுக்குப் பேச்சு வரவில்லை.

காணியில் கிண்டி எடுக்கிற பழைய இரும்பெல்லாம் போடுகிற வாளி பக்கத்திலேயே இருந்தது. கௌசலா அந்தத் துண்டை அதற்குள் போட்டாள். டிங் என்று ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான்.

ராஜினி மறுபடியும் அந்தக் கையில் பிடித்துப் பார்த்தாள். நம்பமுடியாமல் மெல்ல மெல்ல ஆட்டினாள். "இப்ப உள்ளுக்கு ஒண்டும் இல்லை அக்கா" என்றாள்.

"இருக்கு" என்றாள் கௌசலா. பின்னால் மடிந்து கிடந்த இடது கையை முன்னுக்குக் கொண்டுவந்து டிற்றெக்டரை வாங்கினாள். "அது நான் ஓம் எண்டு சொல்லி வைச்சது. அதுதான் கத்தேல்லை."